கன்ட்ரோல் ரூம் திரையில் சிவப்பு

பட்டான்செரு. 2011 மே. காலை ஏழரை மணி.

ரசாயன ஆலையில், மூன்றாம் உலையின் இரும்பு மேடையில் ஜேம்ஸ் குப்புறக் கிடந்தான். உலையின் மூடி பிய்த்துக்கொண்டு போய்க் கூரைத் தகரத்தைக் கிழித்திருந்தது. உள்ளே கொதித்தது வெளியே வந்து, அவன் சட்டையையும் முதுகையும் ஒன்றாக்கியிருந்தது. வலது கையில் ஒரு டார்ச். செத்த பிறகும் அதை விடவில்லை.

இன்ஸ்பெக்டர் சுமலதா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். லாலாகுடா ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா பட்டறையில் ஃபிட்டர். பட்டறை விபத்துகளால், வெந்த மனிதனின் வாடை அவளுக்குப் புதிதல்ல.

"ஹெல்பர் மேடம்," என்றார் பின்னால் நின்ற மேனேஜர் கணேஷ்குமார். "இவனுக்கு மேடை மேல வேலையே கிடையாது. ஓரமாத் தூங்க வந்திருப்பான்."

"தூங்க வர்றவனுக்கு டார்ச் கைக்கு?" காலனியின் உருது அவளை அறியாமல் வந்தது. "எதுக்குங்கறேன்."

சற்றுத் தள்ளி இன்னொரு உலை இன்னும் உஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அதனிடம் பயம்.

கன்ட்ரோல் ரூம் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மேஜை மேல் பானை வயிறு போல் பின்புறம் புடைத்த பழைய மானிட்டர். அதன் கீழே புத்தம்புதுக் கம்ப்யூட்டர். ஆபரேட்டர் மணிவண்ணன் ஸ்டூலில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். அவனை இங்கே கொண்டுவரும்போது, கேட்டருகே ஜேம்ஸின் மனைவி ரோஸ்லின் செருப்பைக் கழற்றி அவன் மேல் வீசியிருந்தாள். "தூங்கி எம் புருசனக் கொன்னுட்டியேடா!"

"அவ சொல்றது சரிதான் மேடம்," என்றார் கணேஷ்குமார். "எல்லா உலையோட சூடும் இந்தத் திரையில தெரியும். எல்லை தாண்டினா நம்பர் சிவப்பா மின்னும். வெடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இந்தப் பக்கமாப் போனேன். சிவப்பு மின்னிட்டிருந்தது, என் கண்ணால பார்த்தேன். இவன் மேஜையில தலை வெச்சுத் தூங்கறான். கண்ணாடியத் தட்டினேன். அசைஞ்சான். முழிச்சுட்டான்னு நினைச்சுப் போயிட்டேன்."

"பொய் மேடம்." மணிவண்ணனின் குரல் தகரத்தில் ஆணி இழுத்தது போல் வந்தது. "ஷிஃப்டுக்கு வந்ததுலேர்ந்தே திரை கறுப்புதான்."

"தொண்டைக்கு என்ன?"

"கத்திக் கத்திப் போச்சு."

"குடிச்சிருப்பான்," என்றார் கணேஷ்குமார்.

"உங்ககிட்ட கேக்கல. யாரைப் பார்த்துக் கத்தின மணி?"

அவன் விரிசல் கண்ணாடி வழியாக மேடையைப் பார்த்தான். "ஜேம்ஸை. உலை மேலயே ஒரு முள்ளு மீட்டர் இருக்கு மேடம். இருட்டு மூலை. திரை இல்லாததால அவனை ஏத்திவிட்டேன். டார்ச் அடிச்சுப் பார்த்து நம்பரைச் சொல்லுவான். மெஷின் சத்தத்துல காதுல விழாது. திரும்பத் திரும்பக் கேப்பேன்."

"நல்லாக் கதை கட்டறான்," என்றார் கணேஷ்குமார். "பாலாவக் கேளுங்க. நேத்து அவன்தான் இதை மாட்டினான்."

இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் பாலா மேனேஜரின் ஷூவைப் பார்த்தபடி சொன்னான். "காட்டுச்சு மேடம். நல்லாவே காட்டுச்சு. வெடிச்ச அதிர்ச்சியில ஏதாவது கழண்டிருக்கும்."

சுமலதா மின்சாரத்தைப் போடச் சொன்னாள். கம்ப்யூட்டர் உறுமியது. மானிட்டரில் கறுப்பு. 'சிக்னல் இல்லை' என்ற சிறிய பெட்டி மட்டும் அந்தக் கறுப்பில் பிணம் போல் மிதந்தது.

திரை ஒளிர்ந்திருந்தால் மணிவண்ணன் தூங்கிக்கொண்டே ஓர் உயிரைக் குடித்தவன், இன்றே உள்ளே போவான். திரை இருண்டிருந்தால், இருட்டில் உலையை ஓட்டச் சொன்னவன் போக வேண்டும். பாதிச் சாட்சி செத்துவிட்டது. மீதிச் சாட்சி இந்தப் பானை வயிற்றுப் பெட்டி.

கம்ப்யூட்டரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒயரின் இரண்டு திருகுகளும் இறுக்கமாக இருந்தன. எதுவும் கழலவில்லை.

"படம் அனுப்பற கிராஃபிக்ஸ் கார்டு அடி வாங்கியிருக்கும்," என்றார் கணேஷ்குமார்.

"வேற திரை இருக்கா?"

"இல்ல மேடம். பட்ஜெட் எங்க?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அப்துல் ரஹீம் கனைத்தான். "மேடம், தண்ணி குடிக்க சார் கேபினுக்குப் போனேன். அங்க ஒரு தட்டைத் திரை இருக்கு. ஓரத்துல ஒட்டின பிளாஸ்டிக்கக்கூட இன்னும் உரிக்கல."

"எடுத்துட்டு வா."

"அது விசிட்டர்ஸ் வந்தா காட்டறதுக்கு மேடம்..." கணேஷ்குமார் குறுக்கே வந்தார்.

"நக்கோ சார், வேணாம். தள்ளி நில்லுங்க."

பழைய ஒயரையும் அதன் முனைத் துண்டையும் கழற்றிவிட்டு, தட்டைத் திரையை அதன் ஒயரோடு அதே கார்டில் செருகினாள். பளிச்சென்று விழித்தது. உலைகளின் பெயர்கள், எண்கள், எல்லாம் வரிசையாக. கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. ரஹீம் பழைய மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் கேட் ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். அதுவும் ஒயரோடு நன்றாக வேலை செய்தது.

"அதுவும் உசுரோட இருக்கு, இதுவும் உசுரோட இருக்கு," என்றாள் சுமலதா. "அப்ப நடுவுல செத்தது யாரு?"

நடுவில் இருந்தது கட்டைவிரல் அளவு வெள்ளைத் துண்டு ஒன்று. பழைய மானிட்டரின் ஒயரைப் புதுக் கார்டில் சேர்க்கும் இணைப்பு. அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். முனையில் ஒரு தட்டைத் தகடு, பக்கத்தில் வரிசையாக ஊசிகள். தகட்டைச் சுற்றி நாலு மூலையிலும் நாலு மொட்டைப் புள்ளிகள்.

"போன மாசம் எங்க ஸ்டேஷன்லயும் இதே தலைவலி. செகந்திராபாத் கடைக்காரன் விளக்கிச் சொன்னான். பழைய மானிட்டருக்குப் படத்தை எடுத்துட்டுப் போறது இந்தத் தகட்டைச் சுத்தி இருக்கற நாலு ஊசி. இந்தக் கார்டைப் பாருங்க. டிஜிட்டல் திரைக்கு மட்டுமானது. தகட்டுக்குப் பிளவு இருக்கு, சுத்தி நாலு ஓட்டை கிடையாது. ஊசியோட இது உள்ள போகாது. ஊசி இல்லேன்னா போகும், படம் வராது. எப்படிப் பார்த்தாலும் இந்தக் கார்டுலேர்ந்து அந்த மானிட்டர்ல ஒரு புள்ளிகூடத் தெரிஞ்சிருக்க முடியாது."

"அதிர்ச்சியில ஒடிஞ்சிருக்கலாம்," என்றார் கணேஷ்குமார்.

"திருகி இறுக்கின துண்டுக்குள்ளயா? ஒடிஞ்சா பிசிறு இருக்கும். இது வழவழன்னு இருக்கு. பாலா, எதால வெட்டின?"

பாலா தரையில் உட்கார்ந்துவிட்டான். "கட்டிங் பிளேயரால மேடம். நுழையலன்னு சொன்னேன். நுழையற மாதிரி பண்ணுன்னாரு. இங்க எல்லா வேலையும் அப்படித்தான். பைப் சேரலன்னா அறுப்போம், போல்ட் ஏறலன்னா தேய்ப்போம். மாட்டின பிறகும் படம் வரல. உலையை நிறுத்தலாமான்னு கேட்டேன். சரக்கு இன்னிக்கே போகணும், ஆளை ஏத்திவிட்டுப் பார்த்துக்கச் சொல்லுன்னாரு. வெடிச்சதும், படம் வந்துச்சுன்னு சொல்லு, இல்லேன்னா வெட்டின நீதான் உள்ள போவேன்னாரு."

சுமலதா மேனேஜரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"புது மெஷினோட வந்த திரை உங்க மேஜைக்குப் போச்சு. குப்பையில போகவேண்டியது உலைக்கு வந்துச்சு. அதைக்கூட அலட்சியம்னு எழுதலாம். ஆனா ஒருத்தன் செத்ததும் இன்னொருத்தனை மாட்டிவிட ஒரு நிறத்தைச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் அகப்பட்டீங்க. இந்த நாலு ஊசில ஒண்ணு சிவப்புக்குன்னே இருக்கற ஊசி. அதையே வெட்டிப் போட்டாச்சு. நீங்க எந்தச் சிவப்பைப் பார்த்தீங்க கணேஷ்குமார்?"

ரஹீம் அவர் தோளில் கை வைத்தான்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. சுமலதா கேட்டருகே போய் ரோஸ்லினிடம் நடந்ததைச் சொன்னாள். அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள். பிறகு எழுந்து, ஒற்றைக் காலில் செருப்போடு, கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்ற மணிவண்ணனிடம் நடந்து போனாள். அவன் தலை நிமிரவில்லை.

"கடைசியா எதாச்சும் சொன்னாராண்ணே?"

"நம்பர்தாம்மா சொன்னான்." கிழிந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "'நூத்தி...'ன்னு ஆரம்பிச்சான். காதுல விழல, சத்தமாச் சொல்லுடான்னு கத்தினேன். சொல்றதுக்காக இன்னும் கிட்டப் போனான்."

கன்ட்ரோல் ரூமில் அணைக்க மறந்த தட்டைத் திரையில் மூன்றாம் உலையின் எண் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அப்பாலிருந்தே யாரும் படிக்கலாம். அவ்வளவு தெளிவு.