யார் மிதவையில் பியூலா?

பாலம் கடக்கும் முன் எடைத்தட்டில் ஏறி இறங்குவது மிதவூரில் பல் துலக்குவது மாதிரி. பியூலா தங்கமும் ஏறி நின்றாள். வழக்கம்போல விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஊர்க்காரர்களுக்குப் பச்சை, விருந்தாளிக்கு மஞ்சள்.

"இன்னும் விருந்தாளியாவே இருக்கிய," என்றார் எடைக்காரர் தோவாலி.

அவர் பேசியது தீவு மொழி. பியூலாவின் காதில் இருந்த செவிமொழி அதைத் தமிழாக்கியது; அவள் தமிழைத் தீவு மொழியாக்கிச் சொல்வதும் அதுதான். கருவியை வாங்கிய அன்று அவள் நெல்லைப் பேச்சைத் தேர்ந்திருந்தாள்; அதனால் பசிபிக் பெருங்கடலே அவளிடம் நெல்லைத் தமிழில்தான் பேசியது.

"வெள்ளிக்கிழமை கப்பல் வருது. அதுக்குள்ள ஏதாவது ஒரு வீடு உங்க எடையை ஏத்துக்கணும். இல்லன்னா நீங்க கெளம்பிர வேண்டியதுதான். மழைக்காலத்துல ஊர் தாங்காதுல்லா."

தீவுகள் நீருக்குள் போனபின் அந்த மக்கள் மிதவைகளின் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு மிதவையும் இவ்வளவுதான் தாங்கும் என்று அளவு உண்டு. பிறக்கிற குழந்தை, வாங்குகிற அலமாரி, வளர்க்கிற பன்றி, எல்லாம் அந்தந்த வீட்டின் எடைப்பங்கில் சேரும். யார் பங்கிலும் சேராதவர்கள் அங்கே தங்க முடியாது.

பியூலா கயத்தாற்றில் காற்றாலைப் பொறியாளராக இருந்தவள். ஓய்வுபெற்ற கையோடு தன் சபையின் திருமண்டலத்தில் அயல்நாட்டு ஊழியத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். "இந்த வயசுல கடல் தாண்டியா?" என்று கேட்டவர்களிடம், "இந்த வயசுலதான் யாருகிட்டயும் லீவு கேக்க வேண்டாம்," என்றாள்.

வந்த இடத்தில் அவளுக்குக் குறையில்லை. பழுதான காற்றாடிகளைச் சரிசெய்து கொடுத்தாள். மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் ஞாயிறு ஜெபத்துக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. பக்கத்து மிதவை வாயெனாவின் கணவர் இறந்தபோது, பியூலா கண்களை மூடி, "எங்கள் பிதாவே," என்று தொடங்கினாள். கண்ணைத் திறந்தால் சடலமும் அவளும்தான். சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் பாலத்தில் போய்த் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறும் விருந்தாளி மிதவையில் அவள் ஜெபத்துக்குப் போட்டிருந்த பெஞ்சுகள் காலி. கடற்பாசிக் கூடையோடு வாயெனா வாசலைக் கடந்தபோது பியூலா கூப்பிட்டாள்.

"ஏ வாயெனா, நில்லு. என்கிட்ட என்ன குறை கண்டிய?"

"குறையா? ஏளா, உன்னை மாதிரி மனுஷி உண்டா!"

"பெறகு ஏன் ஒருத்தரும் ஜெபத்துக்கு வரல?"

"நீதான வராதீங்கன்னு சொல்லுத."

"நானா? வாரந்தவறாம கூப்பிடுதேன்! எங்க சபைக்கு வாங்க, எங்க ஆண்டவர் நல்லவர்னு தொண்டை வத்தக் கத்துதேன்."

"அதைத்தான் சொல்லுதேன். உங்க சபை, உங்க ஆண்டவர். எங்களுக்கு அதுல பங்கில்லன்னும் சொல்லுத, வாங்கன்னும் சொல்லுத. சும்மா மரியாதைக்குக் கூப்பிடுதன்னு நெனச்சோம். இந்தத் தமிழ்க்காரிக்கு அவ சாமி மேல அம்புட்டு உரிமை, நடுவுல போயி நிக்கக் கூடாதுன்னு ஊரே பேசுது."

பியூலா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஆங்கிலமாக இருந்திருந்தால் நாமும் நாங்களும் ஒரே சொல்லில் கரைந்து போயிருக்கும். இந்தத் தீவு மொழியிலும் தமிழைப் போலவே இரண்டும் வேறு வேறு. செவிமொழி ஒரு எழுத்தும் பிசகாமல் கடத்தியிருந்தது. பிழையில்லாத கருவி என்றுதான் விலையும் கூட.

"நாங்க அப்படித்தான்ளா கூப்பிடுவோம்! எங்க வீட்டுக்கு வாங்கன்னுதான சொல்ல முடியும்?"

"உங்க வீடுன்னா நான் எதுக்கு வரணும்? நம்ம வீட்டுக்கு வான்னு சொன்னாத்தான் இங்க கால் எடுத்து வைப்பாங்க."

வாயெனா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னைக்கு அவருக்காக ஜெபிச்சியே. அதுல நான் இருந்தேனா?"

"நீ இல்லாமலா? கடவுள்கிட்ட நம்மன்னு சொன்னா அவரையும் நம்ம வரிசையில நிறுத்துன மாதிரி ஆயிரும். அதான் எங்கள்னு சொன்னது. நீயும் நானும் இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம்."

"அப்போ எனக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்க," என்றாள் வாயெனா மெதுவாக. "நான்தான் பாலத்துல போயி நின்னுட்டேன்."

கூடையை இறக்கி வைத்தாள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ஈரப்பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இப்போ சொல்லு. முதல்ல இருந்து."

பியூலா முதலில் இருந்து சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது. பியூலா தன் டிரங்குப் பெட்டியோடு பாலத்துக்குப் போனாள். அங்கே வாயெனா தோவாலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் இடம் காலியாத்தான கெடக்கு. அதுல இவளை எழுதும்."

"அவரு ஒல்லி. இவுக அப்படியா? எதையாவது இறக்கணும்லா."

"பன்னியைக் கப்பல்காரனுக்குக் குடுத்துருதேன்."

"வேண்டாம்ளா, அது குட்டி போடப்போகுது!" பியூலா குறுக்கே புகுந்தாள். "என் பெட்டியை ஏத்தி அனுப்பிருதேன். எல்லாம் ஊருக்குத் திரும்பும்போது கட்டுற பட்டுச்சேலைதான்."

வாயெனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பெறகு எதைக் கட்டிட்டு ஊருக்குப் போவ?"

"போனாத்தான?"

பெட்டி கப்பலேறியது. தோவாலி கணக்கைத் திருத்தினார். அப்படியும் கொஞ்சம் அதிகம்தான்; அவர் கடலைப் பார்த்துக்கொண்டு எழுதி முடித்தார்.

பியூலா பலகை தாண்டி மிதவையில் கால் வைத்தாள். அது மெல்லத் தாழ்ந்தது. விளிம்புப் பலகையின் மேல் தண்ணீர் ஒரு முறை ஏறி வடிந்தது. வாயெனா அடுப்பை உள்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"மழைக்காலத்துல ரெண்டு பேருக்கும் படுக்கை நனையும், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள்.

"நனையட்டும்," என்றாள் பியூலா.