நகராத புழுதிச்சுழல்

புழுதிச்சுழல் நகராமல் நின்றது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து காலையில் வந்த படத்திலும் மதியம் வந்த படத்திலும் அதே இடம். காற்றோடு போய்க் கரைந்திருக்க வேண்டியது, கேமராவுக்கு எதிரே, கதவைத் தட்ட வந்து தயங்கும் ஆளைப்போல நின்றது.

பூமியில், பயணப் பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியை வெள்ளைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பெரிய திரைக்குக் கீழே, மற்றவர்கள் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடம் அவருக்குத் தெரியும். நாற்பது நாளுக்கு முன் மாப்பிள்ளை செத்த இடம். தங்கையின் கணவர், அங்கே மெக்கானிக். சுழல் அதிகமாயிருக்கிறது, புழுதியில் மின்சாரம் ஏறியிருக்கிறது, நாளைக்குப் போகிறேனே என்று அன்று கெஞ்சினார். அங்கே அடிக்கிற காற்று ஒரு காகிதத்தைக்கூடத் தள்ளாது, போய் வேலையை முடியுங்கள் என்று இவர் விரட்டினார். காற்று தள்ளவில்லைதான். புழுதி அவர்மேல் கவிந்தது. பொறி பறந்தது. உடுப்பின் ரேடியோவும் மூச்சுக்கருவியும் ஒன்றாக அவிந்தன.

விசாரணைக்கு முன் இவர் அந்தப் பேச்சுப் பதிவை அழித்துவிட்டு, மாப்பிள்ளை அனுமதியில்லாமல் வெளியே போனார் என்று கூசாமல் எழுதிக்கொடுத்தார். அதைப் படித்த தங்கை அழவில்லை.

"உங்களைக் கேக்காம அவர் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாருண்ணா. அவரே வந்து சொல்லுவாரு."

அதற்குப் பிறகு அவள் இவரோடு பேசவில்லை.

இப்போது ஏசியின் இரைச்சலுக்கு அடியில், சல்லடையில் மணல் சலிப்பதுபோல இன்னொரு ஓசை மெல்ல மெல்ல ஏறியது. வயர் கருகும் நாற்றம். கையின் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. பல்லிடுக்கில் நறநறவென்று ஏதோ கடிபட்டது. ஹெட்போனில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அங்கிருக்கும் குழுவில் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"யாரது?"

இங்கே பேசுவது அங்கே போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடம். பதில் திரும்பி வர இன்னும் பன்னிரண்டு.

"நான்தான் மச்சான்."

உடனே வந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். குரல் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"வெளிய போக அனுமதி கேக்குறேன். இந்தத் தடவை ரெண்டு பேருக்கும்."

திரும்பவில்லை. கதவுக்கு ஓடினார். கைப்பிடி சுட்டது. திறக்கவில்லை. கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். சத்தமே எழவில்லை. மூச்சு இழுத்தார். வரவில்லை.

அப்பால் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் இவரைப் பார்க்கவில்லை. பெரிய திரையைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார்.

சிவந்த தரை. தலைக்கவசம் இல்லாமல், வெள்ளைச் சட்டையில், கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஒருவர் வாயைத் திறந்து திறந்து மூடியபடி கேமராவை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார்.

அவர் தோள்மேல், பின்னாலிருந்து, புழுதியாலான ஒரு கை.