ஏழாம் பெட்டியின் எடை

பத்து நாள் லீவு முடிந்து பெரியக்கா வார்டுக்குத் திரும்பியபோது வெளியே உச்சி வெயில். உள்ளே வழக்கம்போல அரையிருட்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னல்களைக் கனத்த திரையால் மூடியிருப்பார்கள். மருந்து நெடி, அதற்கடியில் புளித்த பாலின் வாசம். இருபது வருஷமாக அங்கே நர்ஸ் வேலை பார்ப்பதால் டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். அவள் முறைத்தால் மானிட்டர்கூட வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினாள். குடலில் நல்ல கிருமிகளை வளர்க்கும் புரோபயாடிக் பொடி. ஒரு பொட்டலத்தைத் தாய்ப்பாலில் கரைத்தால் ஆறு பேருக்கு வரும். பால் செரிக்கட்டும், எடை ஏறட்டும் என்று தினமும் ஆளுக்கொரு சிரிஞ்ச்.

நிரப்பித் தட்டில் அடுக்கியபின் எண்ணினாள்.

ஏழு.

வார்டில் இருந்தது ஆறு குழந்தைகள். குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் ஏழாவது காலி.

அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. லீவுக்கு முன் அதில் கிடந்த பயல் இரண்டு உள்ளங்கையில் அடங்குவான். அவனுக்கும் பொடியைத் தொடங்க டாக்டரம்மா சொன்ன அன்று, "இவன் ஒருத்தனுக்காகப் புதுப் பொட்டலத்தை உடைக்கணுமா? மிச்சமெல்லாம் வீணாத்தான் போகும். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றது அவள்தான். மறுநாள் அவன் வயிறு கல்லாக வீங்கியிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

"குடுத்திருந்தாலும் பிழைச்சிருப்பான்னு சொல்ல முடியாது பெரியக்கா" என்றார் டாக்டரம்மா. பிழைத்திருக்க மாட்டான் என்றும் அவர் சொல்லவில்லையே.

ஆறு குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். தட்டில் ஏழாவது சிரிஞ்ச் காலியாகக் கிடந்தது. நுனியில் ஒரு சொட்டுப் பால் நின்றது.

யாரும் தொடாத எடை மெஷினில் எண்கள் எரிந்தன.

910.

அது அவனுடைய கடைசி எடை.

பெரியக்கா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேண்டுமென்றே இன்னொரு பொட்டலத்தை உடைத்து ஏழாவது சிரிஞ்சை நிரப்பி, காலிப் பெட்டியருகே வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் சின்னதாகச் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

925.

அதற்கடுத்த நாள் 940. எண் ஏறியிருந்தால் மனசு குளிர்ந்துபோகும். ஏறாத நாளில் சோறு இறங்காது. பெற்றவளுக்குத்தான் இந்தப் பாடு என்று நினைத்திருந்தாள்.

இரண்டு மாதம் ஆனது.

மெஷின் 1800 காட்டிய அன்று அவன் அம்மா வந்தாள். குழந்தையின் கம்பளித் தொப்பியை வாங்கிப்போக இத்தனை நாள் அவளுக்குத் துணிவு வரவில்லையாம். எலும்பும் தோலுமாக நின்றாள்.

பெரியக்கா தொப்பியை எடுத்து நீட்டினாள். 'உன் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியதை நான் கொடுக்கவில்லை தாயே' என்று காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

"எவ்வளவு எடை வந்தா வீட்டுக்கு அனுப்புவீங்கக்கா? அன்னைக்குச் சொன்னீங்களே."

"ஆயிரத்தெண்ணூறு கிராம்மா."

அவள் தலையாட்டினாள். தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல நடந்தாள். வாசலைத் தாண்டும்போது அவள் உடம்பு லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது, பிள்ளையைத் தோளில் போட்டவள் நடப்பதைப்போல.

பெரியக்கா மெஷினைப் பார்த்தாள்.

0.

மறுநாள் ஏழாவது சிரிஞ்சில் பால் அப்படியே இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு அதைக் கொட்டப் போனபோது வார்டு போன் அடித்தது.

"அக்கா." அவன் அம்மாவின் குரல், ரகசியமாக. "மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண் அசந்தான்."

பெரியக்கா ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"அந்தப் பொடி வாங்கிட்டேன். ஒருத்தனுக்காக முழுப் பொட்டலத்தை உடைக்கணுமேன்னு பாக்குறேன். நாளைக்குப் பாத்துக்கலாமாக்கா?"

பொடியைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வேணாம் கண்ணு." பெரியக்காவின் கன்னம் நனைந்துகொண்டிருந்தது. "இன்னைக்கே உடை. இப்பவே குடு."

மறுமுனையில் பொட்டலம் கிழியும் சத்தம் கேட்டது.

பிறகு, காதுக்கு மிகக் கிட்டத்தில், சின்னதாக ஒரு ஏப்பம்.