கோடு நகரவில்லை, பேட்டரி நகர்ந்தது

காலை 10.20. ஹெப்பகோடியில், வெள்ளைப் பெயிண்ட் அழிந்துபோன ஒரு ஹம்ப்பில், அதாவது வேகத்தடையில், வண்டியை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றினேன். நான் லைசென்ஸ் எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஹம்ப்புகளுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

கஸ்டமருக்கு நான் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த புத்தம் புதுக் கேரவன் எகிறியது. முதுகுவலிக்கு நல்லது என்று அன்று காலை மேனேஜர் பிரகாஷ் கொடுத்த ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தும் என் இடுப்பு கழன்றது. பின்னால் ஒரு சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியின் கதவு பிளந்தது. உள்ளேயிருந்த முப்பது கிலோ பேட்டரி பறந்து வந்து, எதிர் சீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த கஸ்டமர் ஷ்ரேயாஸின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒரு பொறி. கருகல் வாடை. சாம்பார் முழுக்க அவர் தலையில்.

11.05. கேரவன் கட்டும் எங்கள் பட்டறை. முதலாளி கோவிந்தப்பா ஒரு தாளை நீட்டினார். 'பேட்டரியைச் சரியாகப் பொருத்தாதது என் தவறு.' கீழே வேதநாயகியின் பெயர்.

வேதநாயகி எங்கள் வயரிங் ஃபிட்டர். மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். அதில் கையெழுத்துப் போட்டால் இந்த வேலை போகும். இந்தப் பக்கத்தில் வேறு எந்தப் பட்டறையும் அவளை வயரைத் தொட விடாது.

"சைன் மாடம்மா," என்றார் கோவிந்தப்பா கன்னடத்தில். கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"மாட்டேன் சார். நான் கட்டின பேட்டரி, வண்டி கவுந்தாலும் அசையாது."

பிரகாஷ் சிரித்தார். "பெல்ட்டை யாரும் தொடலைம்மா. நீ போட்ட கோடே சாட்சி."

அது அவள் பழக்கம். பேட்டரிக்கு மேலே பெல்ட்டை இறுக்கியதும், பெல்ட்டிலிருந்து பக்கிள் வரை நெயில் பாலிஷால் ஒரே கோடு இழுப்பாள். யாராவது தளர்த்தினால் கோடு விலகிவிடும். இப்போது கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆக, அவளே தளர்வாகக் கட்டியிருக்கிறாள்.

"சார், நான் வேகமா போனதாலதான் இதெல்லாமா?" என்று கேட்டேன்.

"ஆமேலே நோடோணா," என்றார் கோவிந்தப்பா. அப்புறம் பார்க்கலாமாம்.

பிரகாஷைக் கேட்டேன். "நீ போய் டீ குடி, கவி."

ஷ்ரேயாஸைக் கேட்கவில்லை. அவர் காதிலிருந்து முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தார்.

11.30. வேதநாயகி சீட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டாள். வெளியே வந்து ஷ்ரேயாஸிடம் திரும்பினாள்.

"சார், சீட்டு மாத்தச் சொன்னீங்களா?"

"நேத்து சொன்னேன். தடியான ஃபோம் வேணும், ஆனா உயரம் கூடக் கூடாதுன்னு. பிரகாஷ் நைஸா முடிச்சுக் குடுத்தாரு."

"நைஸாத்தான் முடிச்சிருக்காரு. கோடு நகரல. ஆனா பெல்ட்டுக்குள்ள இப்ப என் கையே நுழையுது. அப்ப பெல்ட் நீளல, அடியில இருந்தது குறைஞ்சிருக்கு. பேட்டரிக்குக் கீழ ஒரு இஞ்ச் ரப்பர் ஷீட் வச்சேன். எங்க அது?"

பதில் சொன்னது என் இடுப்பு. ஓடிப்போய் டிரைவர் சீட்டிலிருந்த மெத்தையைக் கொண்டுவந்தேன். அவள் திருப்பிப் பார்த்தாள். நடுவில் பேட்டரியின் அடிப்பாகம் அச்சாகப் பதிந்திருந்தது.

"யாரு குடுத்தா?"

"கவி, யோசிச்சுப் பேசு," என்றார் பிரகாஷ். என் லீவு, ஓவர்டைம் எல்லாம் அவர் கையில். நான் பிறவிக் கோழை. இருந்தாலும் சாட்சியின் மேலேயே காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்த வெட்கம் அதைவிடப் பெரியது.

"பிரகாஷ் சார்."

வேதநாயகி முதலாளியைப் பார்த்தாள். "ஃபோம் தடிச்சதால சீட்டுப் பலகையைக் கீழ இறக்கணும். இறக்கினா பேட்டரி இடிக்கும். என்கிட்ட சொன்னா பெட்டியவே மாத்தணும்பேன், டெலிவரி ரெண்டு நாள் தள்ளிப்போகும். அதனால பெல்ட்டைக் கழட்டி, ஷீட்டை உருவிட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு கோடு சேர்ற வரைக்கும் இழுத்திருக்காரு. பேட்டரி இறுகுற வரைக்கும் இழுக்கல."

"நிஜானா, பிரகாஷ்?" என்றார் கோவிந்தப்பா.

"சீல்டு பேட்டரிதானே சார்... எப்படி வச்சா என்னன்னு..."

"சீல்டுன்னா ஆசிட் சிந்தாது. பறக்காதுன்னு யாரு சொன்னா? பாசிட்டிவ் பக்கத்துலயே நான் ஃப்யூஸ் போட்டதால அது மட்டும் கருகிச்சு. இல்லன்னா வண்டியே எரிஞ்சிருக்கும்."

தாளிலிருந்த தன் பெயரை அடித்தாள். பேனாவை பிரகாஷிடம் நீட்டினாள். அவர் வாங்கும்வரை கையை இறக்கவில்லை. கோவிந்தப்பாவும் தடுக்கவில்லை.

12.10. டீக்கடையில் அவளிடம் கேட்டேன். "நாயகி, நீயாவது நேரா சொல்லு. என் தப்பு இதுல உண்டா, இல்லையா?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "உண்டு. பேட்டரி பறந்தது அவரால. வண்டி பறந்தது உன்னால."