கடைசி ஆளின் விசில்

சாப்பிட்டது செரிக்க ஏற்ற நடை என்றுதான் அந்தக் கழியோரப் பாதையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. கடல் கையை நீட்டி நிலத்துக்குள் வைத்ததுபோல் நீளமாக உள்ளே வந்திருக்கும் உப்பங்கழி. அதன் ஓரமாகக் கொஞ்ச தூரம் சரளைப் பாதை. சதுப்பு ஆரம்பிக்கும் இடத்திலிருந்து கடைசிவரை பலகை நடைபாலம். முடிவில் ஒரு நிழற்குடை, குடிதண்ணீர்க் குழாய், எல்லோரையும் ஏற்றிப்போக ஒரு வேன். கடல் ஏறிவிட்டால் சரளைப் பாதை சற்று நேரம் மூழ்கிவிடும், வந்த வழியே திரும்ப முடியாது. அதற்குத்தான் வேன். வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த பலகையில் "எளிது" என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது.

வழிகாட்டி அந்தப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். அந்த எழுத்தை எழுதியவர் அவள் கணவர். போன மழைக்காலத்தில் இதே பாதையில்தான் செத்துப்போனார். மறுபடி இங்கே வந்தால் உடைந்து அழுதுவிடுவாள் என்று வீட்டில் பயந்தார்கள். அழுகை வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல் அவரை நினைத்துப் பார்த்தாள். வலிக்க வேண்டிய இடம் அப்படியே இருந்தது, வலியைத்தான் காணோம்.

"கிளம்பலாமாம்மா? நின்னா மூட்டு பிடிச்சுக்கும்," என்றார் பல் டாக்டர். ஓய்வு பெற்றவர். நடைக் கூட்டத்தில் ஓயாத வாய் அவருடையது. "ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வச்சவன் நான். என் வாயை மூட வைக்கத்தான் ஆள் இல்ல," என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"நீங்க நடங்க, தானா மூடும்," என்றாள் அவர் மனைவி. மற்ற ஓய்வுக்காரர்கள் சிரித்தார்கள். வழிகாட்டியும் உதட்டை இழுத்துச் சிரிப்புபோல் ஒன்றைக் காட்டினாள்.

கூட்டத்துக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. முன்னால் வழிகாட்டி, பின்னால் கடைசி ஆள், நடுவில் மற்றவர்கள். பாதை வளையும் இடங்களில் கடைசி ஆள் நீளமாக ஒரு விசில் ஊத வேண்டும். எல்லோரும் எனக்கு முன்னால் இருக்கிறார்கள், பின்னால் யாரும் விட்டுப்போகவில்லை என்று அதற்கு அர்த்தம். வழிகாட்டி திரும்பிப் பார்க்கமாட்டாள். கேட்டுவிட்டது என்பதற்குக் கையை மட்டும் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவாள். தலை நின்று திரும்பினால் குறுகிய பலகையில் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள், வயசானவர்கள் சேற்றில் விழுவார்கள். விசில் வந்தால் நட, வராவிட்டால் திரும்பு. அவ்வளவுதான் விதி.

கணவர் செத்த அன்றைக்குக் கடைசி ஆள் அவர்தான். ஒவ்வொரு வளைவிலும் விசில் கேட்டது, ஒவ்வொரு முறையும் அவள் கையைத் தூக்கினாள். நிழற்குடைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், அவர் வரவில்லை. தேடிப் போனவர்கள் முதல் வளைவுக்குப் பக்கத்திலேயே, சேற்றில், தண்ணீருக்கடியில் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் அதற்கப்புறம் வந்த வளைவுகளில் ஊதியது யார்? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் நடந்தவர்கள் கேட்டதுபோலும் இருந்தது, இல்லைபோலும் இருந்தது என்றார்கள். எதிரொலி என்றார் ஒருவர். ஏதோ பறவை என்றார் இன்னொருவர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இன்றைக்குக் கடைசி ஆள் அவள் கொழுந்தன். வேறு யாரும் முன்வராததால், "நான் வர்றேன் அண்ணி," என்று வந்தவன். அண்ணன் செத்ததிலிருந்து அவளிடம் எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்தே பேசுகிறவன். காலையில் மாமியார் வாசல்வரை வந்தாள். "ஒருத்தனைத்தான் விட்டுட்டு வந்துட்ட. இவனையாவது முழுசா கொண்டுவந்து சேத்துடு," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காய்கறி வாங்கிவரச் சொல்வதுபோல் சொன்னாள். சரி அத்தை என்று இவளும் அதே குரலில் சொல்லிவிட்டு வந்தாள்.

நடந்தார்கள். வானம் அழுக்கு வேட்டிபோல் தொங்கியது. கழியின் மேல் பனி மெல்லப் படிந்துகொண்டிருந்தது, அக்கரை தெரியவில்லை. சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கடல் ஏறும் நேரம். பலகைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீர் சலசலத்தது.

முதல் வளைவு.

அவள் அதைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து விசில் வந்தது. பாதி காற்றும் பாதி எச்சிலுமாகக் கொழுந்தனுடைய ஊதல். சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஒழுங்காக ஊத வராது என்று கணவர் கிண்டல் செய்வார். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். கணவர் கிடந்த இடத்தைத் தாண்டியாகிவிட்டது என்று அப்புறம்தான் உறைத்தது. ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாவது வளைவு. விசில். கை.

விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டாள். அவளுடைய விசில் அகப்பட்டது.

அதன் பக்கத்தில் இன்னொரு விசில் அகப்பட்டது.

அவள் நடையை நிறுத்தவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு கயிறு, இரண்டு விசில். நடைக்கு முந்தின நாள் இரண்டையும் வெந்நீரில் கழுவிக் காயவைத்து, கிளம்பும்போது ஒன்றைக் கடைசி ஆளின் கையில் கொடுப்பது வழக்கம். இன்றைக்குக் கொடுத்த ஞாபகம் இல்லை. கொடுக்கவில்லை.

கொழுந்தன் கேட்கவும் இல்லை. அண்ணன் ஊதிய விசிலை அண்ணியிடம் எப்படிக் கேட்பது என்று கூசியிருப்பான்.

மூன்றாவது வளைவு வந்தது.

விசில் வந்தது. அதே காற்று, அதே எச்சில்.

அவள் கையைத் தூக்கவில்லை.

சற்றுப் பொறுத்து மறுபடியும் வந்தது. பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு ஊதியதுபோல் இருந்தது.

அவள் நின்றாள். பின்னால் வந்த டாக்டர் அவள் முதுகில் முட்டிக்கொண்டார்.

"டாக்டர், உங்களுக்கு விசில் சத்தம் கேட்டுச்சா?"

"செவிடனுக்கும் கேக்குமேம்மா. தம்பிதான் ஊதுறாரே?"

"நீங்க முன்னால போங்க. நிழற்குடை வரைக்கும் எங்கயும் நிக்காதீங்க. யாரும் பலகையை விட்டு இறங்க வேணாம்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, டாக்டர் வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

ஒவ்வொருவராக ஒதுக்கிவிட்டு அவள் பின்னோக்கிப் போனாள். வரிசையின் கடைசியில் டாக்டரின் மனைவி. அவளுக்குப் பின்னால் வெறும் பலகை. விசில் வந்த இடத்தில் ஆள் இல்லை. பலகை முழுக்கக் காய்ந்து கிடந்தது, அந்த ஓரிடம் மட்டும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

அதை மிதிக்காமல் தாண்டினாள். பிறகு ஓடினாள்.

முதல் வளைவில், அண்ணன் கிடந்த அதே இடத்தில், தம்பி நெஞ்சுவரை சேற்றில் இருந்தான். நடைபாலத்தின் ஒரு காலைக் கட்டிப் பிடித்திருந்தான். தண்ணீர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேறு நெஞ்சை அழுத்தியதில் கத்தக்கூட அவனிடம் மூச்சு இல்லை. உதடுகள் மட்டும் அண்ணி, அண்ணி என்று அசைந்தன.

அவள் பலகையில் குப்புறப் படுத்துச் சால்வையை அவன் அக்குளுக்குக் கீழே சுற்றினாள். "உதறாத. உதறினா இன்னும் இழுக்கும். மல்லாக்கச் சாய். ஒரு காலை மட்டும் மெதுவா மடக்கு," என்றாள். அவள் கையை அவன் பிடித்தான். அந்தப் பிடியில் இருந்த குளிர் அவள் தோள்வரை ஏறியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று பட்டு உறைத்தது. அப்போது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இழுத்தாள். சேறு ஒருவழியாக அவனை விட்டது.

பலகையில் உருண்டு, இருமி, மூச்சு வந்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "பின்னாலேர்ந்து யாரோ தோளைத் தொட்டாங்க அண்ணி. வழி கேக்கறாங்கன்னு நினைச்சு ஒதுங்கினேன்."

"பின்னால யாரு? நீதானே கடைசி."

"அது விழுந்தப்புறம்தான் தோணுச்சு."

வந்த வழியைத் தண்ணீர் மூடிவிட்டது. முன்னால்தான் போக வேண்டும்.

"நான் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

உள்ளதைச் சொல்ல வாயெடுத்தாள். அவனுடைய பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன, கண்ணில் இன்னும் தண்ணீரின் மட்டம் நின்றது. இதற்குமேல் பயந்தால் இந்த வழுக்கும் பலகையில் ஒரு அடிகூட எடுத்து வைக்கமாட்டான்.

"விசில் வரல. அதான் திரும்பினேன்," என்றாள்.

"விசில் உங்ககிட்டயே இருந்துச்சு அண்ணி. கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. வளைவு வந்தா கையைத் தட்டிக்கலாம்னு விட்டுட்டேன்." அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது. "அப்ப அந்த விதி சரிதான். நல்லவேளை, வராதப்ப திரும்பினீங்க."

"சரிதான். எந்திரி. நீ முன்னால போ, என் கண்ணுல படற மாதிரி இரு. திரும்பித் திரும்பிப் பாக்காத, வழுக்கும். வளைவுல நான் ஊதறேன். விசில் வந்தா நட."

"வராட்டி திரும்பணும்."

"ம்."

அவன் நடைபாலத்தின் ஒருபக்கக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தான். அவள் நாலு அடி விட்டுப் பின்னால் போனாள். பனி இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு அடி பத்து அடி ஆனது. அவன் முதுகு வெளுத்து, புகைபோல ஆனது. அவள் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். எவ்வளவு கூட்டினாலும் இடைவெளி குறையவில்லை. சால்வை இல்லாத தோளில் காற்று வீசியது. அது கழியிலிருந்து வந்த காற்று இல்லை. பின்னாலிருந்து வந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பாக.

இரண்டாவது வளைவு.

அவள் விசிலை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள்.

அதற்குள் விசில் வந்தது.

அவளுக்குப் பின்னால், மிக அருகில். எச்சில் இல்லாமல், நீளமாக, திடமாக, அவள் எப்படி ஊதுவாளோ அப்படியே.

அவளுக்குப் பயமாக இருந்தது. கணவர் செத்ததிலிருந்து இப்படி ஒரு பயம் அவளுக்கு வந்ததில்லை. கத்தினால் கொழுந்தனுக்குக் கேட்கும். தன்னைக் காப்பாற்றியவளை விட்டுப் போகமாட்டான். வழுக்கினாலும் பரவாயில்லை என்று ஓடியே வருவான், இந்த வளைவுக்கு, இதன் பக்கத்துக்கு.

அவள் வாயைத் திறக்கவில்லை.

பனிக்குள் அவன் திரும்பிப் பார்க்காமல் கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். நிழற்குடைப் பக்கமாக நடந்துபோனான்.