பக்கத்தில் விட்ட இடம்

ரோஸி பார்த்தவரைக்கும், அந்தப் படத்துப் பெண் ஒரு முறைகூடத் திரையின் நடுவில் நிற்கவில்லை. பாத்திரம் கழுவினாலும், சன்னலருகே தலை வாரினாலும் இடது ஓரத்தில்தான் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் வெறுமையாகக் கிடந்தது.

ரோஸி ஆரணிக் கொட்டகை ஒன்றில் பெண்கள் பக்கத்து டிக்கெட் கொடுப்பவள். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஆடியில், வரவேண்டிய படப்பெட்டி வராமல் போக, பேய்ப்படம் என்று சொல்லி ஏதோ வேற்றுமொழிப் படத்தை அனுப்பியிருந்தார்கள். அதில் பேயும் இல்லை, பாட்டும் இல்லை. முதல் நாளே ஜனங்கள் விசிலடித்துவிட்டுக் கலைந்தார்கள். ரோஸிக்கும் கொட்டாவிதான் வந்தது. ஆனாலும் பகல் காட்சிக்கு டிக்கெட் கொடுத்து முடித்தால் வேறு வேலை கிடையாது. வெயிலுக்கு உள்ளே போய் உட்காருவாள். அடுத்த காட்சிக்குக் கவுண்டர் திறக்க, படம் முடியும் முன்பே எழுந்து வந்துவிடுவாள்.

பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது. அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகும், இன்னொருவர் நுழையட்டும் என்பதுபோலச் சற்று நின்றுதான் சாத்தினாள். வெற்றிடத்தின் பக்கம் முகம் திரும்பும்போதெல்லாம் அவள் குரல் தணிந்தது. எதையும் காட்டாமலே எப்படிப் பயமுறுத்துகிறான் படமெடுத்த பாவி என்று ரோஸி வியந்துபோனாள். ஆபரேட்டர் ஜெயவேலிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்தம்மா பக்கத்துல யாரோ கீறாங்கண்ணே. நமக்குத்தான் காட்ட மாட்டேன்றான்."

"கேமரா புடிக்கத் தெரியாத பயம்மா அவன். பேஜார் புடிச்ச படம். நாளைக்குப் பெட்டிய அனுப்பிடுவாங்க."

கடைசி நாள் பெண்கள் பக்கத்தில் அவள் ஒருத்திதான். பீடிப் புகையும் ஈரச் சாக்கின் வாடையும் கலந்த இருட்டில், மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்ற, முடிவைப் பார்க்காமல் எழுவதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். கண்ணைப் பெண்ணின்மேல் வைக்காமல் அந்த இடத்தின் மேலேயே வைத்திருந்தாள்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் மெல்ல நடந்து வந்து, திரையின் நடுவில் நின்றாள்.

பக்கத்தில் அந்த வெற்றிடம் இல்லை. நிம்மதியாகச் சிரித்தாள்.

அப்படியென்றால் கூட இருந்தவர் எங்கே?

ரோஸிக்குப் பக்கத்து நாற்காலியின் மடக்குப் பலகை, கிறீச்சென்று தாழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். பாயில் பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். ரோஸியின் வலப்பக்கம் மட்டும் யாரும் இல்லை.

"இப்படி வாம்மா" என்று தாய் அமலோற்பவத்தைக் கூப்பிட்டாள்.

"அங்க எங்கடி எடம் கீது? அதான் நெருக்கிகினு கெடக்குதே."

அம்மா விளையாடுகிறவள் இல்லை. ரோஸி நகர்ந்து பார்த்தாள். வெற்றிடமும் கூடவே நகர்ந்தது. யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது?

வந்தவாசியிலிருந்து வாத்தியார் மாப்பிள்ளை ஒருவரின் சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணின் படம் கேட்டிருந்தார்கள். அப்பா சிங்கராயர், தன் தறியிலேயே நெய்த அரக்குப் பட்டுப் புடவையை உடுத்தச் சொல்லி, தனகோடி ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். ரோஸி பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். முதுகைச் சுற்றி வந்த முந்தானை வலப்பக்கம் பெஞ்சின் மேல் விரிந்து கிடந்தது.

தனகோடி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்கம்மா."

ரோஸி நகர்ந்தாள்.

"நீங்க இல்லம்மா. நீங்க அசையாதீங்க."

விளக்கின் சூடு முகத்தில். முதுகில் சில்லிப்பு. அப்பாவைப் பார்த்தாள். வாசலில் நின்ற அவர், அவளுக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

எழப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானை வரவில்லை.

இழுத்தாள். தோளில் புடவை விறைத்தது.

"அப்படித்தான்" என்றார் தனகோடி. "ரெண்டு பேரும் இங்க பாருங்க."

ரோஸி கீழே பார்த்தாள். பெஞ்சின் மேல், அவளை நோக்கி, சரிகை மடிப்புகள் ஒவ்வொன்றாக நசுங்கிக்கொண்டே வந்தன.