டெரக் சொல்லாமல் கை வைக்காதே!

டெலிபோன் அலறியது.

சனிக்கிழமை மாலை ஆறு பத்து. க்ரிம்ஸ்பி போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஹேசல் ப்ரென்னன் அப்போதுதான் வறுத்த மீன் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்தால் போன் வரும் என்பது அந்த ஸ்டேஷனின் எழுதாத சட்டம்.

"ஹலோ..."

"என் வீட்டுக்காரரை யாரோ... யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்க! சீக்கிரம் வாங்களேன்!"

மீன் ஆறிப்போனது.

இறந்தவர் பெயர் வில்ஃப் போரில். வயது அறுபத்தொன்று. கம்ப்யூட்டர் மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. தரையில் இஸ்திரிப் பெட்டி... ரேகை ஒன்றுகூட இல்லாமல் துடைக்கப்பட்டிருந்தது. அவர் கைக்கடியில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பென்சிலால் கிறுக்கிய எண்கள்.

மனைவி மேவிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கையில் பிங்கோ சீட்டுக் கட்டு.

"நாலே முக்காலுக்கு பிங்கோ ஹாலுக்குள்ள நுழைஞ்சேன் கண்ணு. ஆறு மணிக்குத்தான் திரும்புனேன். வந்து பார்த்தா..."

அழுதாள். நிஜமான கண்ணீர்தான்.

"யாராவது உள்ள வந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமே?" என்றாள் ஹேசல்.

"அவருக்கா? முப்பது வருஷம் ஐஸ் ஃபேக்டரி மெஷின் பக்கத்துல நின்னவரு. டமாரச் செவிடு. காதுகிட்ட வெடி வெச்சாலும் திரும்ப மாட்டாரு. எதுனாலும் எழுதித்தான் காட்டணும்."

சார்ஜென்ட் நைஜல் மேஜையிலிருந்த மூன்று திரைகளைப் பார்த்து விசிலடித்தான்.

"மேடம், இவரு பந்தயம் கட்டுறவரு இல்ல. வியாபாரி! பங்குச் சந்தை மாதிரிதான். கம்பெனிக்குப் பதிலா ஃபுட்பால் மேட்ச். வெற்றி, தோல்வி, டிரான்னு முடிவை ஆளுக்கு ஆள் வாங்குவாங்க, விப்பாங்க. கோல் விழுந்தா ரேட்டு தலைகீழா மாறும். அதை ஊருக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறவன் பொழைச்சான்."

"டிவியைப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது!"

"சனிக்கிழமை மூணு மணி ஆட்டத்தை இந்த நாட்ல எந்த டிவி மேடம் காட்டுது? வெளிநாட்டுக் களவு ஒளிபரப்புலதான் பார்க்கணும். அதுவும் முக்கா நிமிஷம் லேட்டா வரும். அதான் இவரு கிரவுண்டுக்குள்ள ஒரு ஆளை வெச்சிருந்தாரு. கோல் விழுந்த நொடி மெசேஜ் வரும். இவரு கைக்கடியில போன் அதிரும். டக்குனு பட்டனைத் தட்டிடுவாரு."

சுவரில் ஒரு காகிதம். தடித்த மையில் மூன்று கட்டளைகள். ஆட்டம் தொடங்குமுன் டிராவை விற்றுவிடு. கோல் விழுந்ததும் திரும்ப வாங்கு. மூன்றாவதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது.

டெரக் சொல்லாமல் கை வைக்காதே!

"யாரந்த டெரக்?"

மேவிஸ் மூக்கைச் சிந்தினாள்.

"கிரவுண்டு ஆளு. வீட்டுச் சாவி ஒண்ணு அவன்கிட்டயும் இருக்கு."

ஞாயிறு காலை. விசாரணை அறை.

டெரக் ஹெவிட் ஐம்பது வயது ஆள். மழையில் நனைந்த கோழி போல நாற்காலியில் ஒடுங்கியிருந்தான்.

"ஆட்டம் முடியுற வரைக்கும் கிரவுண்டுலதான் இருந்தேன் மேடம்! சத்தியமா!"

"சத்தியத்தை அப்புறம் பண்ணு. உன்னை மூணு பத்துக்கே கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளிட்டதா கிரவுண்டு காவலாளி சொல்றாரே. மெசேஜ் அனுப்புறதைப் பார்த்துட்டாராம். வாழ்நாள் தடையாம்!"

டெரக்கின் முகம் வெளுத்தது.

"...ஆமா. தள்ளிட்டாங்க."

"அப்புறம் எங்க போன?"

"துறைமுகத்து ஓரம் காரை நிறுத்தி, போன்ல களவு ஒளிபரப்பு பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் மெசேஜ் அனுப்பினேன். வெளிய தள்ளிட்டாங்கன்னு தெரிஞ்சா வில்ஃப் என்னைத் தொரத்திடுவாரு மேடம். அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணம்..."

"சாட்சி?"

"கடற்காகம்தான்... நிறைய இருந்துச்சு."

நைஜல் சிரிப்பை அடக்க இருமினான். ஹேசல் சிரிக்கவில்லை. வில்ஃபின் போனை மேஜையில் தள்ளினாள்.

"முதல் கோல் மூணு இருபத்திரண்டுக்கு. வெளியூர் டீம் அடிச்சது. உன் மெசேஜ் முக்கா நிமிஷம் கழிச்சு வந்திருக்கு. வில்ஃப் என்ன பதில் போட்டிருக்காரு? படி."

டெரக் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"லேட்டு. இன்னொரு தடவை லேட்டானா நீ தேவையில்ல."

"ரெண்டாவது கோல் நாலு முப்பத்தொண்ணுக்கு. அதுக்கும் வில்ஃப் வியாபாரம் பண்ணியிருக்காரு. அப்படின்னா அதுவரைக்கும் உசிரோட இருந்தாரு. அப்புறம்தான் செத்தாரு. அந்த நேரம் அவர் பொண்டாட்டி பிங்கோ ஹால்ல. உனக்கோ வேலை போகப் போகுது, கையில சாவி, சொன்னதெல்லாம் பொய். ஆயுள் தண்டனைக்கு இதைவிட வேறென்னப்பா வேணும்?"

அவன் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். அவனைப் பார்க்க ஹேசலுக்கே பாவமாக இருந்தது. பாவம் பார்த்து யாரையும் விடுதலை செய்ய முடியாதே!

"சாயங்காலம் குற்றப்பத்திரிகை போட்டுடு நைஜல். அதுக்கு முன்னாடி அந்த வீட்டை இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

ஞாயிறு மதியம் இரண்டரை.

மேவிஸ் டீ போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கடல் காற்று திரைச்சீலையை அலைக்கழித்தது.

நைஜல் வில்ஃபின் மேஜையில் உட்கார்ந்து கணக்கின் நேரங்களை வாசித்தான்.

"முதல் கோல்... டெரக் மெசேஜ் வந்த மூணாவது நொடியில வில்ஃப் வாங்கியிருக்காரு. கட்டளைப்படி சரி. ரெண்டாவது கோல், உள்ளூர் டீம் சமன் பண்ணினது. பந்து வலைக்குள்ள போனது நாலு முப்பத்தொண்ணு அஞ்சு நொடி. வில்ஃப் டிராவை வாங்கினது முப்பத்தொண்ணு ஒன்பது நொடி. பலே! சந்தை கண்ணு முழிக்கிறதுக்குள்ள அள்ளிட்டாரு!"

"டெரக் மெசேஜ்?"

"முப்பத்தொண்ணு... நாப்பத்தெட்டு நொடி."

நைஜல் நிமிர்ந்தான். ஹேசல் சுவரைப் பார்த்தாள்.

டெரக் சொல்லாமல் கை வைக்காதே!

"கோல் விழுந்ததை அவருக்கு யாரு சொன்னது நைஜல்?"

"அதான் மேடம் எனக்கும்..."

ஓஓஓ...!

ஜன்னல் வழியே ஒரு பெரும் ஆரவாரம் உள்ளே வந்தது.

"நம்ம பொண்ணுங்க டீம் கோல் போட்டுடுச்சு!" என்றான் நைஜல் குஷியாக.

"உனக்கெப்படித் தெரியும்?"

"என்ன மேடம், கேட்கலையா? ரெண்டு தெரு தள்ளித்தானே கிரவுண்டு! உள்ளூர் டீம் கோல் போட்டா இந்தத் தெரு முழுக்கக் காதால..."

பாதியில் நின்றான்.

"காதால!" என்றாள் ஹேசல் மெதுவாக. "டமாரச் செவிடனுக்கு எப்படிடா கேட்கும்?"

சமையலறையில் ஒரு டீ கப் விழுந்து உடைந்தது.

மேவிஸ் வாசலில் நின்றாள். அவள் முகத்தில் பயமில்லை. ரொம்ப நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தவளின் களைப்புதான் இருந்தது.

"டெரக் மெசேஜும் அதே நொடி வரும்னு நெனச்சேன்" என்றாள். "இருபத்திரண்டு வருஷமா இங்க சத்தம் கேக்கறதும் அங்க போன் அதிர்றதும் ஒண்ணாத்தானே நடக்கும்? சத்தம் கேட்டுது, நான் பாட்டுக்கு பட்டனைத் தட்டிட்டேன். பாழாப்போனவன் முக்கா நிமிஷம் கழிச்சு அனுப்புவான்னு எவ கண்டா?"

"வில்ஃப் எப்ப செத்தாரு மேவிஸ்?"

"இடைவேளையில. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. அப்புறம் ஒரு கோல் விழட்டும்னு அரைமணி நேரம் பொணத்துக்குப் பக்கத்துல நின்னேன் கண்ணு. ஒரு கோலு! அப்ப அவன் உசிரோட இருந்த மாதிரி காட்ட அந்த ஒண்ணை வாங்கிட்டு, பிங்கோவுக்கு ஓடினேன்."

"ஏன்?"

மேவிஸ் ஹேசலின் கையிலிருந்த கேஸ் ஃபைலைக் காட்டினாள்.

"அந்தத் துண்டுச் சீட்டு இருக்கா? நம்பரை மட்டும்தான் பார்த்தீங்களா? திருப்பிப் பாருங்க."

ஹேசல் திருப்பினாள். பின்பக்கம் மேவிஸின் சிறிய கையெழுத்து.

'அடுத்த சனிக்கிழமை என்கூட ஈடியைப் பார்க்க வர்றியா?'

"ஈடி என் அக்கா. போன சனிக்கிழமை அடக்கம். இவன் வரலை. மூணு மணி ஆட்டமாம்! சரி, கல்லறைக்காவது ஒரு தடவை வாடான்னு நேத்து இடைவேளையில எழுதிக் காட்டினேன். வாங்கிப் பார்த்தான். பார்த்துட்டு..."

உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"திருப்பி வெச்சு, அதுல ரேட்டு எழுதிக்கிட்டான். அவன் சட்டையைத்தான் இஸ்திரி போட்டுட்டிருந்தேன் கண்ணு. பெட்டி கையிலயே இருந்துச்சு."

வெளியே கிரவுண்டு மறுபடி கத்தியது. இந்த முறை நைஜல் யார் கோல் என்று யோசிக்கவில்லை.

அவன் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் டெரக்கிடம் விஷயத்தைச் சொன்னார்கள். நைஜல் போனைக் கீழே வைத்தபோது முகம் தொங்கியிருந்தது.

"என்ன சொன்னான்?"

"பொய் சொன்னதுனால உள்ள வந்தேன், அதே பொய்யினால வெளிய போறேனான்னு கேட்டானாம். வாசல் வரைக்கும் போய்ட்டு அங்கேயே உக்காந்துட்டானாம். வாழ்நாள் தடை, வில்ஃபும் இல்ல... இனி நான் எங்க போறதுன்னு அழுவுறானாம் மேடம்."

ஹேசல் பெருமூச்சு விட்டாள். எல்லாரும் தோற்ற ஆட்டம் இது. சமன் என்றுகூடச் சொல்ல வழியில்லை.

நைஜல் கடைசியாகத் திரையைப் பார்த்தான்.

"இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் கணக்குல நடந்த பெஸ்ட் வியாபாரம் இதுதான் மேடம். செத்த பிறகு பண்ணியிருக்காரு!"

மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, திடீரென்று திரும்பினாள்.

"ஒரே ஒரு சந்தேகம் கண்ணு. ஜெயில்ல டிவி இருக்குமா?"

"இருக்கும்."

"சனிக்கிழமை மூணு மணி ஆட்டம்..?"

"இந்த நாட்ல எந்த டிவியிலயும் வராது மேவிஸ். ஜெயிலுக்கும் அதே சட்டம்தான்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக மேவிஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்புறம் என்ன நிக்கிறீங்க? வண்டியை எடுங்க!"